ஓபி பார்க்க ஆளில்லை, இதில் 'கல்வி ஆராய்ச்சி' பயிற்சியா?

கெடிலம்:
எங்கள் கல்லூரியில் நேற்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பெயர் வேண்டாம், கடலூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைக்கு இரண்டு ஆசிரியர்கள் 'மருத்துவக் கல்வி ஆராய்ச்சியாளர்' பயிற்சிக்குப் போக வேண்டுமாம். மூன்று நாள் வொர்க்‌ஷாப், அப்புறம் ஆறு மாதத்துக்குள் சொந்தமாக ஓர் ஆய்வு, முடிவில் கட்டுரை. எங்கள் சர்ஜரி துறையில் இருப்பதே ஆறு பேர். ஓபி நாளன்று பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி என்று ஜனம் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடும். பாடம் நடத்தவே நேரமில்லாதவன், பாடம் நடத்துவதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டுமா?

என் வாத்தியார் எந்த வொர்க்‌ஷாப்புக்கும் போனதில்லை. ஹெர்னியா நோயாளியை இருமச் சொல்லிவிட்டு, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். விரல் நுனியில் வந்து தட்டியது முப்பது வருடமாக மறக்கவில்லை. இதற்குமேல் என்ன கல்வி ஆராய்ச்சி?

சுண்ணாம்பாறு:
சார், உங்கள் வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. ஆனால் உங்கள் பேட்சில் எத்தனை பேர் விரலை அவர் பிடித்தார்? மற்றவர்களுக்கு ஹெர்னியா தெரிந்ததா தெரியவில்லையா என்பது அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வேலைக்குத்தான் இந்தப் பெயர்.

இன்று நீங்கள் பரீட்சையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாணவர்களை அனுப்பி, எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே பட்டியல் என்று மார்க் போடும் ஆஸ்கி (OSCE) நடத்துகிறீர்கள் அல்லவா, அது வானத்திலிருந்து விழவில்லை. பழைய நேர்முகத் தேர்வில், வைவாவில், ஒருவருக்குச் சுலபமான கேஸ், இன்னொருவருக்குக் கஷ்டமான கேஸ், தேர்வாளரின் மனநிலைக்கு ஏற்ற மார்க் என்று இருந்ததைப் பார்த்துத்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டனும் கூட வேலை செய்தவர்களும் 1975இல் அதை எழுதினார்கள். அவரும் நோயாளி பார்த்த டாக்டர்தான்.

நான் பிசியாலஜி. புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரி. மருத்துவக் கல்வியில் இரண்டு வருட ஃபெல்லோஷிப் பயிற்சி முடித்தவள், அதனால் கட்சி கட்டித்தான் பேசுகிறேன்.

பாகூர் ஏரி:
கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக், தரவரிசை போடும் என்ஐஆர்எஃப் இரண்டுக்கும் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். லேப் செலவு இல்லாமல் கட்டுரை வருவது கல்வி ஆராய்ச்சியில்தான். நிர்வாகம் அதைத்தான் பார்க்கும்.

கெடிலம்:
பாகூர் ஏரி பூனைக்குட்டியை வெளியே விட்டுவிட்டார். நன்றி!

நான் படித்த வரை இந்தக் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சு. 'வினாடி வினா மூலம் இதய உடலியல்', 'ரோல் ப்ளே மூலம் நோயாளியிடம் பேசுதல்'. முன்னால் ஒரு டெஸ்ட், பின்னால் ஒரு டெஸ்ட், மார்க் ஏறியது, அது தற்செயல் இல்லை என்று காட்ட பி மதிப்பு 0.001-க்கும் கீழே. பாடம் எடுத்த கையோடு பரீட்சை வைத்தால் மார்க் ஏறாமல் இறங்கவா செய்யும்? இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை ஆன்லைனில் முடித்துத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? மறுபடி எதற்கு?

கோரிமேடுக்காரன்:
நான் சமூக மருத்துவம். இரண்டு பக்கமும் அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

டாக்டர் கெடிலம், அந்தப் படிப்பு நல்ல படிப்பு. ஆனால் வகுப்பறைக்கு வந்ததும் அதில் படித்தது பாதி நழுவிவிடும். ஏ பேட்சுக்குப் புது முறை, பி பேட்சுக்குப் பழைய முறை என்று பிரிக்கிறீர்கள். ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டும் ஒரே மேஜையில் சாப்பிடும். பத்து மணிக்குள் உங்கள் ஸ்லைடு மொத்தமும் பி பேட்சின் வாட்ஸ்அப்பில். மாத்திரை ஆய்வில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

மேடம் சுண்ணாம்பாறு, உங்களிடமும் ஒரு குறை. நம் ஊருக்கு ஆசிரியர் பயிற்சி புதிதில்லை. ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் நன்றாகக் கற்பிக்கப் பழக்குவது ஒன்று, கற்பித்தலை ஆராயப் பழக்குவது வேறு. மூன்று நாளில் இரண்டாவதைச் செய்துவிடலாம் என்று சுற்றறிக்கை போடுவதுதான் ஏமாற்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 'மெர்க்' என்று ஒரு சான்றிதழ் தருகிறது, ஆறு பயிலரங்கு முடித்தால் கிடைக்கும். அவர்களே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? முடித்தவர் இந்தத் துறைக் கட்டுரைகளை விவரம் புரிந்து படிப்பார், ஆய்வில் நல்ல கூட்டாளியாக இருப்பார் என்று. தனியாக ஆய்வு நடத்தும் ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவார் என்று அவர்கள் சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம்.

ஹவுஸ் சர்ஜன்:
பெரியவர்கள் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஆய்வுக்குள் அகப்படுகிறவர்கள் நாங்கள். எம்பிபிஎஸ் முடிப்பதற்குள் எத்தனை கூகுள் ஃபார்ம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மேலே 'விருப்பமிருந்தால் மட்டும்' என்று இருக்கும். எதிரே துறைத் தலைவர் (எச்ஓடி) உட்கார்ந்திருப்பார், இன்டர்னல் மார்க் அவர் கையில். யார் எழுந்து போவது? எல்லாவற்றுக்கும் 'மிகவும் உடன்படுகிறேன்' போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விடுவோம்.

கோரிமேடுக்காரன்:
தம்பி சொல்வது சாதாரண விஷயமில்லை. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை, மேலிருப்பவருக்குக் கட்டுப்பட்டவர்களில் மாணவர்களையும் சேர்த்துத்தான் தனிப் பாதுகாப்பு கேட்கிறது. மார்க் போடுகிற ஆசிரியர் சம்மதம் வாங்கவே கூடாது, சம்பந்தமில்லாத வேறொருவர் வாங்க வேண்டும். 'நம் பிள்ளைகள்தானே' என்று எதிக்ஸ் கமிட்டிக்கே அனுப்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பாறு:
என் கதையைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஃபெல்லோஷிப்பில் ஆளுக்கொரு ஆய்வு செய்தாக வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத்தரும் புது முறை என்று ஒன்றை எடுத்தேன். டாக்டர் கெடிலம் கிண்டலடித்த அதே அச்சுதான்: முன் டெஸ்ட், பின் டெஸ்ட், அருமையான பி மதிப்பு. வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "வார்டில் செய்கிறார்களாம்மா?"

கல்வித் திட்டத்தின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் என்பவர் நாலு படி சொல்லியிருக்கிறார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா. நான் இரண்டாம் படியிலேயே துண்டு விரித்து உட்கார்ந்திருந்தேன்.

சரி என்று மூன்று மாதம் கழித்து மெடிசின் வார்டில் போய் நின்றேன். அதே மாணவர்கள். வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மீனவர், வலை இழுத்து இழுத்துத் தேக்குக் கட்டை மாதிரி கை. கஃப் பட்டை சுற்றியும் சுற்றாமலும் நிற்கிறது. உள்ளே இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் எண்பது சதவீதமாவது சுற்ற வேண்டும், சின்ன கஃப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். இதே கேள்விக்கு என் பரீட்சையில் சரியாக எழுதிய பெண் அது. 162 என்று குறித்துக்கொண்டாள். ஏனம்மா பெரிய கஃப் எடுக்கவில்லை என்றேன். "மேடம், வார்டில் இது ஒன்றுதான் இருக்கிறது."

எங்கள் துறை லேபிலிருந்து பெரியது கொண்டுவந்து மறுபடி பார்த்தோம். 144. அவருக்கு மாத்திரையை ஏற்றுவதாக இருந்தார்கள்.

என் புது முறையில் கோளாறில்லை, பழைய முறையிலும் இல்லை. கோளாறு டிராலியில். மூன்று நாள் வொர்க்‌ஷாப்போடு விட்டிருந்தால் கட்டுரை வந்திருக்கும், பெரிய கஃப் வந்திருக்காது.

கெடிலம்:
மேடம், கஃப் இல்லை என்று சொல்ல ஒரு வார்டு சிஸ்டர் போதாதா? இரண்டு வருட ஃபெல்லோஷிப் வேண்டுமா?

சுண்ணாம்பாறு:
சிஸ்டர் பெரிய கஃப் கேட்டு இரண்டு முறை இன்டென்ட் எழுதியிருந்தாராம். என் ஒற்றைப் பக்க அட்டவணையைக் காட்டிய பிறகுதான் வாங்கினார்கள். அதில் எனக்கே வருத்தம்தான்.

கெடிலம்:
அதை ஒப்புக்கொண்டதற்கு மரியாதை.

எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2019இல் புதுப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் லாக் புக், மாணவன் செய்து பழகியதை ஆசிரியர் கையெழுத்திட்டுப் பதியும் ஏடு. ஆண் நோயாளிக்கு யூரின் கதீட்டர் போடத் தெரியும் என்று கையெழுத்தோடு வருகிறார்கள். அதில் பல கையெழுத்து என்னுடையது, சாயங்காலம் இருபது புக்கை அடுக்கிவைத்துப் போட்டது. இன்டர்ன் ஆனதும் கதீட்டரைக் கையில் கொடுத்தால், அதை உள்ளே நிறுத்திவைக்கும் பலூனை எப்போது ஊத வேண்டும் என்று தெரியாமல் விழிக்கிறார்கள். சிறுநீர் வருவதற்கு முன்பே ஊதினால் சிறுநீர்ப் பாதை கிழியலாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். லாக் புக் கையெழுத்துக்கும் கை வேலைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்த்தால், அது ஆராய்ச்சியில் சேருமா?

கோரிமேடுக்காரன்:
சேருமாவா? டெஸ்டே வேண்டாம் சார், புது முறையும் வேண்டாம். புது இன்டர்ன்களைப் பொம்மையில் போடச் சொல்லுங்கள். லாக் புக்கில் கையெழுத்துப் போடாத இரண்டு பேர், யார் என்ன மார்க் போட்டார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பட்டியலை வைத்துத் தனித்தனியாகப் பார்க்கட்டும். முதலில் அந்த இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் லாக் புக்கோடு ஒப்பீடு. நீங்கள் பார்வையாளராக இருக்கக் கூடாது. சம்மதமும் நீங்கள் வாங்கக் கூடாது. எதிக்ஸ் கமிட்டிக்கான வரைவு எழுத நான் உதவுகிறேன்.

ஹவுஸ் சர்ஜன்:
பெயர் வெளியே வராது என்றால் நான் வருகிறேன் சார். கூகுள் ஃபார்ம் மட்டும் வேண்டாம்.

கெடிலம்:
வெள்ளிக்கிழமை ஓபி, மற்ற நாள் சாயங்காலம் கூப்பிடுங்கள். ஆனால் சுற்றறிக்கைக்கு எங்கள் துறையிலிருந்து ஆள் அனுப்ப முடியாது என்று இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் மாற்றமில்லை.