போடுன்னு சொன்னதும் அதே வீடு, நிறுத்துன்னு சொன்னதும் அதே வீடு

செம்பூர்க்காரி:

நான் செம்பூர்லயே பொறந்து வளர்ந்தவ, சொந்த ஊர் நெல்லை பக்கம். வேலைக்கு சேர்ந்த புதுசுல பக்கத்து பில்டிங்ல என்னைப் பத்தியே பேசிக்கறாங்கன்னு காதுல கேக்க ஆரம்பிச்சு, ஆபீஸ் போறது நின்னு, அட்மிட் ஆகி, சைக்கோசிஸ்னு சொன்னாங்க, அதாவது இல்லாத குரல் கேக்கறது, நிஜம் எது இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போறது. இதெல்லாம் இங்க பல பேருக்கு தெரிஞ்ச கதை, விட்டுடறேன். அதுக்கப்புறம் மாத்திரைய வெச்சு வீட்ல நடந்த கூத்த தான் எழுத வந்தேன்.

முதல்ல ரிஸ்பெரிடோன்ங்கற மாத்திரை. குரல் அடங்குச்சு, அத இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பீரியட்ஸ் நின்னு போச்சு. அம்மா பயந்தது வேற பயம், வாய விட்டு கேக்கவும் முடியாம காலண்டரையும் என் வயித்தையும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தாங்க. டாக்டர்கிட்ட சொன்னப்புறம் தான் ப்ரோலாக்டின் (பால் சுரக்க வெக்கற ஹார்மோன்) டெஸ்ட் எழுதினார், ஏகத்துக்கு ஏறியிருந்துது. சாதாரணமா மூளைல இருக்கற டோபமின்ங்கற ரசாயனம் தான் ப்ரோலாக்டின அடக்கி வெக்குமாம், மருந்து டோபமினோட வேலைய தடுத்தா இது எகிறிடும். ஆரம்பிக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவுக்கு அத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்காது.

அப்புறம் ஒலான்சபைன்ங்கற வேற மாத்திரைக்கு மாத்தினாங்க. தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம், பசின்னா அப்படி ஒரு பசி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, மறுநாள் டிபனுக்கு கட்ட வெச்சிருந்த புளியோதரைய லைட் கூட போடாம ஃபிரிட்ஜ் வெளிச்சத்துல நின்னுக்கிட்டே தின்னுருக்கேன். இருந்த சுடிதார் ஒண்ணும் சேரல.

அந்த டைம்ல வீட்ல ராணுவ சட்டம். அண்ணன் ஸ்ட்ரிப்ப எண்ணுவான், முழுங்கினதும் "வாயத் திற, நாக்க தூக்கு". அது கூட பரவாயில்ல, நான் எதுக்கு கோவப்பட்டாலும் "இன்னைக்கு மாத்திரை போட்டியா?"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அது தான் தாங்கல. என் டவல எடுத்து தரை தொடச்சா யாருக்கு தான் கோவம் வராது? அண்ணி கத்தினா அது கோவம், நான் கத்தினா அது நோய்.

அப்புறம் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. அதே அம்மா, அதே நாக்க தூக்கச் சொன்ன அண்ணன், "கொஞ்ச நாள் நிறுத்தி வையேன், உடம்பு எளைக்கட்டும், போட்டோ எடுக்கணும், கல்யாணம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்"னு ஆரம்பிச்சுட்டாங்க. ஊர்லேர்ந்து அத்தை போன் மேல போன், இங்கிலீஷ் மருந்து மூளைய மழுங்கடிச்சிரும், குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்கி தீர்த்தம் வாங்கினா எல்லாம் சரியாயிரும்னு. எனக்கு அந்தப் பெருமாள் மேல ஒரு வருத்தமும் இல்ல, போய் சேவிச்சுட்டும் வந்தேன், மாத்திரை டப்பா ஹேண்ட்பேக்லயே இருந்துது. ஆனா மறைச்சு கல்யாணம்ங்கறதுக்கு மட்டும் முடியாதுன்னுட்டேன். நாளைக்கு அவங்க தெரிஞ்சுகிட்டு, ஏமாத்திட்டாங்க, இந்த கல்யாணம் செல்லாதுன்னு கோர்ட்டுக்கு போறதுக்கு 1955 இந்து திருமணச் சட்டத்துலயே வழி இருக்கு. அப்ப யார் வந்து நிப்பா?

எனக்கு தோணினது இது தான். போடுன்னு மிரட்டினதும் நிறுத்துன்னு கெஞ்சினதும் ரெண்டுமே நாலு பேருக்கு தெரிஞ்சா என்ன ஆகும்ங்கற பயம். என் உடம்புல என்ன நடக்குதுங்கறது அதுல எங்கயுமே இல்ல. அதனால அண்ணன வெளிய உக்கார வெச்சுட்டு தனியா டாக்டர்கிட்ட போய், நிறுத்தணுமான்னு கேக்காம, எது எனக்கு உதவுது எது படுத்துதுன்னு எழுதி கொண்டு போனத படிச்சேன். அவர் டக்குனு நிறுத்தினா திரும்ப வர சான்ஸ் ஜாஸ்தின்னு சொல்லிட்டு, ஒலான்சபைன கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டே அரிபிப்ரசோல்ங்கற இன்னொரு மாத்திரைய ஏத்தினார்.

எடை ஏறறது நின்னுச்சு. ஆனா காலு! உக்காரவே முடியல. லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல காலைல குர்லா தாண்டி ஒரு சீட் கிடைக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு பாம்பேக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், நான் கிடைச்ச சீட்ட விட்டுட்டு எழுந்து நிப்பேன், திரும்ப உக்காருவேன், திரும்ப எழுந்திருப்பேன். எதிர்ல இருந்த ஆண்ட்டி "பைட் நா பேட்டா"ன்னு கைய பிடிச்சு இழுத்தே உக்கார வெச்சாங்க. டென்ஷன்னு நினைச்சுட்டு இருந்தேன், அகதீசியான்னு அதுக்கு பேரே இருக்கு, மருந்தால வர்றது. டோஸ குறைச்சு ப்ரோப்ரனலால்னு இன்னொரு மாத்திரை சேத்து குடுத்ததும் தான் கால் அடங்குச்சு.

இப்பவும் போடறேன், நானா போடறேன், ஸ்ட்ரிப் என் பீரோல இருக்கு. 2017 மனநல சட்டப்படி, எனக்கு முடிவெடுக்க முடியாத நிலைமை வந்தா எனக்காக பேச ஒரு ஆள நான் நியமிக்கலாம், சொந்தக்காரங்களா தான் இருக்கணும்னு இல்ல. என் காலேஜ் தோழிய எழுதி குடுத்துருக்கேன். அண்ணன் இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கான்.

உங்க வீட்ல எப்படி?

தாராவி தம்பி:

அக்கா, எங்க வீட்ல பாதிக்கப்பட்டது சின்ன தம்பி. லெதர் பட்டறைல வேலை, அங்க இருக்கறவனுவ "பைத்தியக்கார மாத்திரை திங்குறான்"னு கேலி பண்ணதுல யார்ட்டயும் சொல்லாம ஒரேயடியா நிறுத்திட்டான். முதல்ல தூக்கம் போச்சு, விடிய விடிய நயன்ட்டி ஃபீட் ரோட்ல நடந்துட்டு இருக்கான், நாங்க என்னடா சுறுசுறுப்பாயிட்டானேன்னு சந்தோஷப்பட்டோம். தூக்கம் போறது தான் முதல் எச்சரிக்கை மணின்னு டாக்டர் பின்னாடி சொன்னாங்க. இப்ப டாக்டரே மருந்த குறைச்சிட்டு வாராரு, ஆனா பெரிய டோஸ்ல பாதியாக்குறது ஈஸியாம், அடில இருக்க கடைசி கொஞ்சத்த எடுக்கதுக்கு தான் ரொம்ப சின்னச் சின்ன படியா இறங்கணுமாம். இன்னொண்ணு, ஒலான்சபைன் போடுறவங்க பீடி சிகரெட் விட்டா டாக்டர்ட்ட சொல்லிருங்க, புகை அந்த மருந்த உடம்புலேர்ந்து சீக்கிரம் கழிச்சிரும், விட்டதும் அதே டோஸ் ஜாஸ்தியா வேலை செய்யும். தம்பி பீடிய விட்டதும் பட்டறைலயே தூங்கி விழுந்துட்டான்.

மாட்டுங்கா அம்மா:

எல்லாரும் பிள்ளைங்க பக்கமே பேசறீங்க. என் பையன் எனக்கு நோயே இல்லேங்கறான். சமையல் கேஸ திறந்து வெச்சு நீங்க தான் என்னை கொல்ல பாக்கறீங்கன்னு என்னையே கேட்டவன். உரிமை, சட்டம் எல்லாம் அந்த ராத்திரி எங்க போச்சு? ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்து வாங்கி டீல கலந்து தான் குடுக்கறேன், நிறமும் இல்ல, அவனும் வேலைக்கு போறான். யார் என்ன சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன்.

செம்பூர்க்காரி:

அம்மா, அந்த ராத்திரிய நான் குறைச்சு சொல்லல. என் அம்மாவும் அப்படி ஒரு ராத்திரிய பாத்தவங்க தான். ஆனா அவனுக்கு ஒரு நாள் தெரிஞ்சா அப்புறம் உங்க கையால சோறு கூட சாப்பிட மாட்டான், ஏற்கனவே விஷம் வெக்கறாங்கன்னு சந்தேகப்படற மனசு அது. டாக்டருக்காவது தெரியுமா நீங்க கலக்கறது? அவனே ஒத்துக்கிட்டா மாசம் ஒரு ஊசியா போடற மருந்தும் இருக்கு, தினம் தினம் இந்த சண்டை வேண்டாம்.

தாராவி தம்பி:

அம்மா அந்த சொட்டு மருந்து டீயோட சேராது, கோலாவோடவும் சேராது. தண்ணி, காபி, ஆரஞ்சு ஜூஸ்னா சரி. பாக்கெட்டுக்குள்ள இருக்க பேப்பர படிச்சு பாருங்க.

மாட்டுங்கா அம்மா:

இத எந்த கடைக்காரனும் சொல்லலையே. அப்போ காபின்னா பரவாயில்லையா?

தாராவி தம்பி:

காபி பரவால்ல. ஆனா அவன்ட்ட சொல்லிட்டு கலங்கம்மா.

மாட்டுங்கா அம்மா:

கத்துவான். ஞாயித்துக்கிழமை அவங்க மாமா வருவார், அவர் சொன்னா கொஞ்சம் கேப்பான். டாக்டர்கிட்ட ஊசிய பத்தியும் கேக்கறேன், எவ்ளோ ஆகும்னு யாருக்காவது தெரியுமா?