டெக்சாஸில் பல் மருத்துவத்துக்குத் தயாராகும் மகள்: கெமிஸ்ட்ரியில் சி மைனஸ், மேஜரை மாற்றணுமா?

வைகைக்கரை:
வணக்கம். மகள் இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், பயாலஜி மேஜர். 2029 ஃபாலில் டென்டல் ஸ்கூல் சேர வேண்டும் என்று திட்டம். முதல் செமஸ்டரில் 14 கிரெடிட் எடுத்தாள். ஜெனரல் கெமிஸ்ட்ரி 1 (3 கிரெடிட்) சி மைனஸ். அதன் லேப் (1 கிரெடிட்) தனி கோர்ஸ், அதில் ஏ. மற்ற எல்லாமே ஏ. ஏபி (ஹைஸ்கூலில் படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) பயாலஜியில் 5 வாங்கியதால் முதல் வருட பயாலஜிக்கு கிரெடிட் கிடைத்துவிட்டது.

சைக்காலஜி மேஜருக்கு மாறினால் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) ஏறும் என்று அவளுடைய தோழிகள் சொல்கிறார்கள். கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுக்காமல், சம்மரில் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக் முடித்துவிடலாம் என்கிறாள் அவள். மதுரையில் இருக்கும் சொந்தங்களோ "பேசாம இங்கே பி.டி.எஸ். சேர்த்துவிடு" என்கிறார்கள். ஸ்ப்ரிங் கோர்ஸ்களை மாற்ற ஒரு வாரம்தான் இருக்கிறது. எது சரி?

மின்மினி:
அக்கா, மேஜர் பேச்சை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் அந்த சி மைனஸ். டென்டல் ஸ்கூல்கள் பொதுவாக கட்டாயப் பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் கேட்கும், சி மைனஸ் அதில் சேராது. பெரும்பாலான கல்லூரிகளில் அதை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி 2-க்கே பதிவு செய்ய முடியாது, அப்புறம் ஆர்கானிக் எங்கே? லெக்சரை மட்டும் இந்த ஸ்ப்ரிங்கிலேயே திரும்ப எடுக்கட்டும். லேப் தனி கோர்ஸாக இருந்து ஏ வாங்கியிருப்பதால் அதைத் தொட வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரும்ப எடுத்தால் கல்லூரி பழைய கிரேடை ஜிபிஏ கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். விண்ணப்ப சேவைகள் அப்படிச் செய்யாது, இரண்டு கிரேடையும் கூட்டும். டெக்சாஸ் அரசு டென்டல் ஸ்கூல்களுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்., மற்ற மாநிலங்களுக்கு ஏ.ஏ.டி.எஸ்.ஏ.எஸ். பின்னதில் சி மைனஸ் 1.7, ஏ மைனஸ் 3.7. முன்னதில் பிளஸ், மைனஸ் கிடையாது, சி மைனஸ் 2.0 என்றுதான் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். இப்போது ஏ.ஏ.டி.எஸ்.ஏ.எஸ். முறையில் மொத்த ஜிபிஏ 3.5, கெமிஸ்ட்ரி மட்டும் 2.28. திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கெமிஸ்ட்ரி 7 கிரெடிட்டில் 3.01. இனி வரும் 43 அறிவியல் கிரெடிட்டில் சராசரி 3.7 வைத்தால், 50 கிரெடிட் முடியும்போது அறிவியல் ஜிபிஏ 3.6. ஒரு சி மைனஸால் கதவு மூடிவிடவில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே மேலே ஏறினால்தான் மூடும்.

பனங்காடு:
மேஜர் பற்றி. அமெரிக்காவில் பிரீ-டென்டல் என்பது மேஜர் அல்ல, பாடப் பட்டியல். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் ஒவ்வொன்றும் லேபோடு ஒரு வருடம், அதாவது தலா 8 கிரெடிட். பயோகெமிஸ்ட்ரி 3, இங்கிலீஷ் 6. பல பள்ளிகள் மைக்ரோபயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், அனாடமி, ஃபிசியாலஜியும் கேட்கும். எந்த மேஜர் எடுத்தாலும் இந்தப் பட்டியல் மாறாது. சைக்காலஜிக்குப் போனாலும் அதே கெமிஸ்ட்ரி, அதே ஆர்கானிக். கெமிஸ்ட்ரி பயத்தால் மேஜரை மாற்றினால் பயம் கூடவே வரும்.

சைக்காலஜி அவளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் தாராளமாக மாறலாம், இடம் இருக்கிறது. டெக்சாஸ் கோர் (எல்லா மேஜருக்கும் பொதுவான பாடங்கள்) 42 கிரெடிட், சைக்காலஜி மேஜர் சுமார் 33, பட்டியல் சுமார் 45. கூட்டினால் 120. இங்கிலீஷ் 6, அறிவியல் 6, ஸ்டாடிஸ்டிக்ஸ் 3 கோரிலும் கணக்காகும் என்றால் 15 கிரெடிட் மிச்சம். அதில் ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி அடங்கிவிடும். ஆனால் பயாலஜியில் அந்த மேல்நிலைப் பாடங்கள் மேஜருக்குள்ளேயே வந்துவிடுகின்றன. டென்டல் ஸ்கூல் முதல் வருடத்தில் அனாடமியும் ஃபிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் வேகமாக ஓடும், ஒருமுறை படித்தவர்களுக்கு மூச்சு வாங்காது. பிடிப்பு எதுவும் இல்லை என்றால் பயாலஜியிலேயே இருக்கட்டும் என்பேன்.

ஏபி கிரெடிட்டில் ஒரு கவனம். சில பள்ளிகள் டிரான்ஸ்கிரிப்டில் கோர்ஸ் பெயரும் கிரெடிட்டும் இருந்தால் ஏற்கும், சில ஏற்காது. எவ்வளவு பயாலஜி ஏபியில் வந்ததோ, அதே அளவு செல் பயாலஜி, ஜெனடிக்ஸ் மாதிரி மேல்நிலைப் பாடம் லேபோடு எடுத்துவிட்டால் எந்தப் பள்ளியும் கேள்வி கேட்காது. கோரில் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் 3 கிரெடிட் எப்படியும் வேண்டும். கல்லூரி ஒப்புக்கொண்டால் சிற்பமோ செராமிக்ஸோ எடுக்கட்டும், கைக்கு நல்ல பயிற்சி.

வைகைக்கரை:
மிக்க நன்றி. அப்படியென்றால் எல்லாமே ஒரு செமஸ்டர் தள்ளிப்போகிறதே. 2028-க்குள் விண்ணப்பிக்க முடியுமா? கெமிஸ்ட்ரி 2-ஐ இந்த சம்மரில் முடிக்கச் சொல்லட்டுமா?

மின்மினி:
முடியும். 2029 ஃபாலில் சேர, விண்ணப்பம் 2028 மே மாதத்தில் திறக்கும். அதை ஒட்டி டி.ஏ.டி. (டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) எழுதியிருக்க வேண்டும். பாட வரிசையை முடிவு செய்வது அந்தத் தேர்வுதான். அதில் பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30 கேள்வி, மூன்றுக்கும் சேர்த்து 90 நிமிடம். பிறகு வடிவங்களைக் கண்ணால் கணிக்கும் பி.ஏ.டி. 90 கேள்வி 60 நிமிடம், ரீடிங் 50 கேள்வி 60 நிமிடம், கணக்கு 40 கேள்வி 45 நிமிடம். பிசிக்ஸ் கிடையாது! அதனால் பிசிக்ஸ் பின்னால் போகலாம். 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரை, பழைய 30 மார்க் அட்டவணைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

என் வரிசை இது.
2026 ஸ்ப்ரிங்: கெமிஸ்ட்ரி 1 மட்டும் கனமான பாடம். கூட ஸ்டாடிஸ்டிக்ஸ், இங்கிலீஷ், கோர் பாடங்கள். வேறு லேப் வேண்டாம்.
2026 ஃபால்: கெமிஸ்ட்ரி 2, ஜெனடிக்ஸ்.
2027 ஸ்ப்ரிங்: ஆர்கானிக் 1, மைக்ரோபயாலஜி.
2027 ஃபால்: ஆர்கானிக் 2, பிசிக்ஸ் 1.
2028 ஸ்ப்ரிங்: பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி. கூடவே 10 முதல் 12 வாரம் டி.ஏ.டி. தயாரிப்பு, மே கடைசி அல்லது ஜூனில் தேர்வு.
2028 ஃபால்: பிசிக்ஸ் 2, அனாடமி. இவற்றை விண்ணப்பத்தில் "எடுக்கவிருக்கும் பாடங்கள்" என்று காட்டலாம், சேர்வதற்கு முன் முடித்தால் போதும்.

ஒரு செமஸ்டரில் இரண்டு லேபுக்கு மேல் வேண்டாம். கிரேடு விழுவது பெரும்பாலும் மூன்று லேப் ரிப்போர்ட்டுகள் ஒரே வாரத்தில் வரும்போதுதான்.

பனங்காடு:
இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஆர்கானிக் 1-ஐ ஸ்ப்ரிங்கில் நடத்தாத கல்லூரிகள் உண்டு. அப்படி இருந்தால் அது 2027 ஃபாலுக்கும் ஆர்கானிக் 2 2028 ஸ்ப்ரிங்குக்கும் போய், டி.ஏ.டி. தயாரிப்போடு மோதும். முதலில் அதை விசாரியுங்கள். ஸ்ப்ரிங்கில் இல்லை என்றால் மட்டும் கெமிஸ்ட்ரி 2-ஐ சம்மரில் எடுக்கட்டும். அதுவும் தன் கல்லூரியிலேயே, 10 வார வகுப்பில். 5 வார வகுப்பு என்றால் 15 வாரப் பாடம் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும், சி மைனஸ் வாங்கியவருக்கு அது ஆபத்து.

ஆர்கானிக்கை மட்டும் சம்மரிலோ கம்யூனிட்டி காலேஜிலோ வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் பள்ளிகள் உண்டு. தவிர, கனமான பாடத்தை மட்டும் வெளியே எடுத்ததைச் சேர்க்கைக் குழு கவனிக்கும்.

இன்னொன்று. லேபில் ஏ, லெக்சரில் சி மைனஸ் என்றால் எங்கே விழுந்தாள் என்று பழைய பரீட்சைத் தாள்களை வைத்துப் பாருங்கள். மோல் கணக்கு, யூனிட் மாற்றம் என்றால் தினமும் கணக்குப் போட்டால் சரியாகும். லூயிஸ் அமைப்பு, ஃபார்மல் சார்ஜ், ஹைப்ரிடைசேஷன் என்றால் அதை இப்போதே பிடித்தாக வேண்டும். ஆர்கானிக் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

நெல்வயல்:
பி.டி.எஸ். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீட் எழுதி, ஹவுஸ் சர்ஜன்ஷிப் சேர்த்து 5 வருடம். திரும்பி வந்தால் ஐ.என்.பி.டி.இ. என்ற இங்குள்ள பல் மருத்துவ உரிமத் தேர்வு, பிறகு கேப்பிட் என்ற விண்ணப்ப சேவை வழியாக விண்ணப்பித்து, வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர்களுக்கான அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்பு 2 அல்லது 3 வருடம். அந்த இடங்கள் குறைவு, போட்டி அதிகம், கட்டணமும் கனம். இங்கேயே வேலை பார்க்கப் போகிற பெண்ணுக்கு அது சுற்றுவழி. டெக்சாஸ் அரசு டென்டல் ஸ்கூல்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிமாநிலத்தவரை எடுக்க முடியாது, மீதி எல்லாம் டெக்சாஸ்வாசிகளுக்கு. அந்தச் சாதகத்தை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

வைகைக்கரை:
சரி, ஆர்கானிக் 1 ஸ்ப்ரிங்கிலும் இருக்கிறதாம், விசாரித்துவிட்டாள். கெமிஸ்ட்ரி 1 பதிவு செய்தாயிற்று. ஒரே பயம்: இந்த முறையும் சரியாக வராவிட்டால்?

மின்மினி:
டிராப் கடைசித் தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். அதற்குள் இரண்டு பரீட்சை முடிந்திருக்கும். இரண்டிலும் 70-க்குக் கீழே என்றால் டபிள்யூ (பாதியில் விலகியதற்கான குறி) வாங்கிக்கொண்டு வெளியே வருவது இன்னொரு சி மைனஸைவிட மேல். டபிள்யூ ஜிபிஏயில் சேராது. ஆனால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுவதற்கும் 6 டிராப்தான், அதில் ஒன்று போய்விடும். அதோடு அது இரண்டாவது முயற்சியாகவே எண்ணப்படும், மூன்றாம் முறைக்குப் பல கல்லூரிகள் கூடுதல் கட்டணம் வாங்கும். முதல் பரீட்சையிலேயே 75-க்குக் கீழே வந்தால் கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்கும் (மாணவர்களைச் சந்திக்கும் நேரம்) கல்லூரியின் இலவச டியூட்டரிங்குக்கும் போகச் சொல்லுங்கள்.