வெண்பாவுக்கு இரண்டு மணித்தியாலம்

குழு: காலி வீதிக் குடும்பம்
ஞாயிறு, காலை

பெரியப்பா: வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. என் அட்டையில் டொலர் கணக்கில் ஒரு தொகை கழிந்திருக்கிறது. யார் பார்த்த வேலை?

துவாரகன்: நான்தான் பெரியப்பா. உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே தலையாட்டினீர்கள்.

பெரியப்பா: அது விக்கெட் விழுந்ததற்கு ஆட்டிய தலை.

ஆரணி: இல்லை அப்பா, "எடு, எடு" என்று வாயாலும் சொன்னீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

பெரியப்பா: சரி. வீட்டுக்கு ஒரு பொருளும் வரவில்லையே?

துவாரகன்: பொருள் இல்லை, கணினி விளையாட்டு. பெயர் 'வெண்பா'. நீங்கள் கவலைப்பட வேண்டாம், காசு திரும்பி வந்துவிடும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் முழுத் தொகையையும் திருப்பித் தருவார்கள். இன்றிரவு விண்ணப்பிக்கப் போகிறேன்.

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): கெட்டிக்காரன். சட்டம் தெரிந்த பிள்ளை.

ஆரணி: தம்பி, விளையாட்டு பிடிக்கவில்லையா?

துவாரகன்: பிடித்தது அக்கா.

ஆரணி: எவ்வளவு தூரம் போனாய்?

துவாரகன்: முடித்துவிட்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

ஆரணி: முழுவதையும் முடித்துவிட்டு, பிடித்தும் இருந்துவிட்டு, காசு வேண்டுமா உனக்கு?

துவாரகன்: நான் களவெடுக்கவில்லையே. அவர்கள் எழுதி வைத்த விதி.

பெரியம்மா: போன மாதம் மூன்றாம் மாடியில் ஒரு பிறந்தநாளுக்கு ரோல்ஸ் செய்து கொடுத்தேன். பெட்டி காலியான பிறகு, "அளவு சிறிது" என்று காசைக் குறைத்தார்கள். நீயும் அந்த வீட்டுப் பிள்ளையா?

துவாரகன்: பெரியம்மா, ரோல்ஸ் வேறு, இது வேறு.

பெரியம்மா: வேறு என்றால் எப்படி வேறு என்று சொல்.

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): நான் சொல்கிறேன் அண்ணி. வெண்பாவின் அமெரிக்க விலை 14.99 டொலர். 'ஸ்டார்டியூ வெலி' என்ற பண்ணை விளையாட்டுக்கும் அதே 14.99. அதை என் மகள் மூன்று வருடமாக விளையாடுகிறாள், இன்னும் அவளுடைய பூசணித் தோட்டம் முடியவில்லை. 'ஹொலோ நைட்' என்று ஒரு பூச்சிச் சண்டை, அதுவும் 14.99. அதை முடிக்கப் பெரியவர்களே திணறுகிறார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிற பொருளுக்கும் அதே விலை என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

ஆரணி: சித்தப்பா, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்க அது வாடகை ஓட்டோவா?

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): ஓட்டோவுக்காவது மீட்டர் இருக்கிறது.

ஆரணி: சரி, கணக்கையே பேசுவோம். ஸ்டீமில் ஒரு விளையாட்டை வைக்க முதலில் 100 டொலர் கட்ட வேண்டும். விற்பதில் பொதுவாக 30 வீதத்தைக் கடை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் படம் வரைந்தவர், இசை அமைத்தவர், நிரல் எழுதியவர், வரி எல்லாம். ஸ்டார்டியூ செய்த எரிக் பரோன் அதைத் தனி ஆளாக நாலரை வருடம் செய்தார். சியாட்டிலில் ஒரு அரங்கில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையும் பார்த்துக்கொண்டு. 2016-இல் வெளிவந்து உலகமெங்கும் ஓடியதால் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. ஓடாதவர்களின் பெயரை யார் கேட்கிறார்கள்?

ஆரணி: 2021-இல் எமிக்கா கேம்ஸ் என்று ஒரு சிறு தயாரிப்பாளர், 'சம்மர் ஒஃப் 58' என்ற பேய் விளையாட்டை வெளியிட்டார். விளையாடியவர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் அது இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதனால் முடித்தவர்களில் நிறையப் பேர் காசைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அவர் மனம் உடைந்து, விளையாட்டுச் செய்வதையே காலவரையின்றி நிறுத்துகிறேன் என்று அறிவித்துவிட்டார். தம்பி, நீ இன்றிரவு செய்யப் போவது அதே காரியம்.

துவாரகன்: என் ஒருவனால் யாரும் கடையை மூட மாட்டார்கள் அக்கா.

பெரியப்பா: எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்குகிறார்கள்.

அம்மம்மா: 🎤 குரல் பதிவு (0:09)

ஆரணி: அம்மம்மா என்ன சொல்கிறா என்றால், லிஃப்ட் திரும்பவும் நின்றுவிட்டதாம், பால்காரருக்கு யாராவது கீழே போக வேண்டுமாம்.

பெரியப்பா: நான் போகிறேன்.

அத்தை (ரொறன்ரோ): இங்கே இரவு. நித்திரை வரவில்லை, எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வெண்பா இந்த ஊரில் செய்த விளையாட்டு, தெரியுமா? விசை கேம்ஸ் என்று ஒரு சிறு குழு. 2023-இல் வந்தது. அடுத்த வருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருது எடுத்தது. மகளின் வீட்டில் பெரிய திரையில் போட்டு, நாங்கள் எல்லாரும் சுற்றியிருந்து விளையாடினோம்.

பெரியம்மா: கதை என்ன?

அத்தை (ரொறன்ரோ): 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வருகிற ஒரு கணவன், மனைவி. பிறகு ஒரு மகன். மனைவியின் தாய் கொடுத்துவிட்ட சமையல் புத்தகம் கிழிந்தும் மை கரைந்தும் கிடக்கிறது. கிழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. தாய் புட்டு அவிக்க, மகன் பீட்சா கேட்கிறான். எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை (ரொறன்ரோ): ஆனால் ஒன்று. அது நம்முடைய வீடு இல்லை, அவர்களுடைய வீடு. சொதி இல்லை, சம்பல் இல்லை. 88-இல் இங்கே வந்திறங்கிய நம் ஆட்களிடம் சமையல் புத்தகமா இருந்தது? ஒரு பையும் ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கமும்தான். அந்தக் கதையை யாராவது விளையாட்டாகச் செய்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவேன்.

துவாரகன்: எனக்கு அதில் ஒரு குறை இருக்கிறது அத்தை. தோற்கவே முடியாது. பிழை விட்டால் திரும்பவும் செய் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் இட்லியிலேயே கொஞ்சம் மாட்டிக்கொண்டேன் என்பதும் உண்மை. தட்டுகளை எப்படி அடுக்கினாலும் சரிவரவில்லை.

பெரியம்மா: ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வரக்கூடாது. மேல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். ஆவி துளை வழியாக ஏற வேண்டும், மேல் இட்லியின் அடி கீழ் இட்லியின் தலையில் ஒட்டவும் கூடாது. இதற்கு விளையாட்டு வேண்டுமா?

துவாரகன்: ...அதுதான் விடை பெரியம்மா.

பெரியம்மா: அதை எனக்குக் காட்டு பார்ப்போம்.

துவாரகன்: நான் வகுப்பில் இருக்கிறேன். மடிக்கணினி உங்கள் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. மத்தியானம் வந்து காட்டுகிறேன்.

மாமா (தெகிவளை): நான் குறுக்கிடலாமா? இந்தச் சின்ன விளையாட்டுகளை நான் குறைவாக நினைத்திருந்தேன். போன மாதம் துவாரகன் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒன்றைப் போட்டுத் தந்தான். லூகாஸ் போப் என்பவர் 2013-இல் செய்தது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு. நான் எல்லையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. ஒவ்வொருவராக வந்து கடவுச்சீட்டை நீட்டுவார்கள். திகதி சரியா, முத்திரை சரியா, படம் அவருடையதுதானா என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ குத்த வேண்டும். சரியாகப் பார்த்த ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முடிந்ததும் அந்தக் கூலியில்தான் வீட்டுக்குச் சாப்பாடு, வெப்பம், மருந்து.

மாமா (தெகிவளை): அக்கா, அத்தான், உங்களுக்குத் தெரியும் நான் எத்தனை வருடம் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று. பிறந்த இடத்தை வாசித்துவிட்டு அவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அந்தப் பார்வை. ஆகவே இந்த விளையாட்டில் நான் எல்லாரையும் உள்ளே விட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

மாமா (தெகிவளை): நடந்தது வேறு. வரிசை நீளம், நேரம் ஓடுகிறது, வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் நான் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திகதியை மட்டும் பார்க்கிறேன். ஒருவர் ஏதோ சொல்லிக் கெஞ்சுகிறார், நான் அதை வாசிக்காமல் சிவப்பைக் குத்துகிறேன். ஒரு கணவன் வருகிறான், அவன் பத்திரம் சரி. "அடுத்து வருவது என் மனைவி, தயவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டேன். உடனே எச்சரிக்கைக் கடதாசி அச்சாகி வருகிறது. ஒரு நாளில் முதல் இரண்டு பிழைக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து கூலியில் வெட்டு. அதற்குப் பிறகு என் இரக்கத்தையும் நாளுக்கு இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

மாமா (தெகிவளை): அவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் எப்படி இருக்கும் என்று எந்தப் பத்திரிகையும் எனக்கு இப்படிக் காட்டவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அத்தை (ரொறன்ரோ): 🙏

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): அது எவ்வளவு நேரம் ஓடும்?

மாமா (தெகிவளை): நீங்கள் திருந்த மாட்டீர்கள்.

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். நான் ஒன்றும் எதிரி இல்லை. 'பலாட்ரோ' என்ற சீட்டு விளையாட்டை நானே காசு கொடுத்துக் கைப்பேசியில் வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் கனடாவில் ஒரே ஒருவர் செய்ததுதான். 304 சீட்டாட்டம் விளையாடிப் பழகிய கைக்கு முதலில் விளங்கவில்லை, ஜோக்கர்கள் சேரச் சேரப் புள்ளி பெருகுவதைக் கண்ட பிறகு கீழே வைக்க முடியவில்லை. ஐரோப்பாவில் சூதாட்டப் படம் இருக்கிறது என்று அதற்கு 18 வயது முத்திரை குத்தினார்கள். உள்ளே காசு வைத்து ஆட ஒரு வழியும் இல்லை. 2025-இல் அதை 12 ஆகக் குறைத்தார்கள்.

ஆரணி: சித்தி சொன்னா, நீங்கள் குளியலறையிலும் அதைத்தான் ஆடுகிறீர்களாம்.

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: பால் வாங்கியாயிற்று. ஆறு மாடி ஏறினேன். தீர்ப்பு என்ன?

ஆரணி: அப்பா, ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது: காசு திருப்பித் தருவது இலவசமாக விளையாடுவதற்கு அல்ல, துஷ்பிரயோகம் செய்தால் அந்த வசதியை நிறுத்துவோம் என்று. தம்பி விதியில் பாதியைத்தான் சொன்னான்.

துவாரகன்: ஒரு முறை கேட்பது துஷ்பிரயோகம் ஆகாது.

ஆரணி: பிடித்த விளையாட்டின் காசை எதற்குத் திருப்பி எடுக்கிறாய்? உண்மையைச் சொல்.

துவாரகன்: 'சில்க்சோங்' வாங்க.

பெரியப்பா: அது என்ன?

துவாரகன்: ஹொலோ நைட்டின் அடுத்த பாகம் பெரியப்பா. அடிலெய்டில் ஒரு சின்னக் குழு. 2019-இல் அறிவித்தார்கள், 2025 செப்டெம்பரில்தான் வெளிவிட்டார்கள். வந்த நேரம் எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்து ஸ்டீம் கடையே தடுமாறிப்போனது. பெரிய நிறுவனங்கள் 70 டொலர் கேட்கிற காலத்தில் இவர்கள் 20 டொலர்தான் வைத்தார்கள். என் நண்பர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. கடினம் என்று பாதிப் பேர் திட்டுகிறார்கள், திட்டிக்கொண்டே விளையாடுகிறார்கள்.

மாமா (தெகிவளை): அப்படியென்றால் அடிலெய்டுக்குக் கொடுக்க ரொறன்ரோவிடம் பறிக்கிறாய்.

துவாரகன்: மாமா, என்னிடம் காசு இருந்தால் இரண்டையும் வாங்குவேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவனிடம் டொலர் எங்கே இருக்கிறது? கடையில் விலை ரூபாயில்கூட இல்லை. உங்கள் எல்லாருக்கும் தர்மம் பேசச் சுலபம்.

மாமா (தெகிவளை): அதுவும் நியாயம்தான்.

ஆரணி: நியாயம்தான். பிடித்தது என்று அந்தப் பக்கத்தில் நாலு வரியாவது எழுதிவிடு. காசைத் திருப்பி எடுத்தால் உன் கருத்துக்குப் பக்கத்தில் அதையும் காட்டும், எத்தனை மணித்தியாலம் விளையாடினாய் என்பதையும் காட்டும், நினைவில் வைத்துக்கொள்.

துவாரகன்: பொறுங்கள்.

துவாரகன்: என் கணக்கில் நான் இப்போது வெண்பா விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று கைப்பேசியில் காட்டுகிறது.

துவாரகன்: நான் வகுப்பில் இருக்கிறேன்!

துவாரகன்: பெரியம்மா?

துவாரகன்: அக்கா, வீட்டில் யார் மடிக்கணினியைத் திறந்தது?

ஆரணி: நான்தான் திறந்து கொடுத்தேன். அம்மா கணினி எலியைப் பிடிக்கப் பழகிவிட்டா. இட்லியை ஒரே தடவையில் முடித்தா. இப்போது பிரியாணி. தேங்காயெண்ணெய் எங்கே என்று திரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறா.

துவாரகன்: நிறுத்தச் சொல்லுங்கள், இரண்டு மணித்தியாலம் தாண்டிவிடும்!

ஆரணி: தாண்டிவிட்டது தம்பி. 2.3 என்று காட்டுகிறது.

சித்தப்பா (கொட்டாஞ்சேனை): 😂😂😂

அத்தை (ரொறன்ரோ): நான் நித்திரைக்குப் போகலாம் போலிருக்கிறது.

பெரியம்மா: துவாரகன், புட்டுக்கு மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடச் சொன்னது சரி. ஆனால் மாவை எப்படிக் குழைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. கொதிநீரா, பச்சைத் தண்ணீரா? அதைத் தெரியாமல் புட்டு அவிக்க முடியாது. அந்தக் கருத்துப் பெட்டியில் என் பெயரில் எழுது.

துவாரகன்: கணக்கு என் பெயரில் இருக்கிறது பெரியம்மா.

பெரியம்மா: அப்படியானால் உன் பெயரில் எழுது. நல்ல விளையாட்டு என்றும் எழுது. அந்தப் பொடியன் தாயோடு கதைக்கிற விதம்தான் சரியில்லை.

பெரியப்பா: அந்த 20 டொலர் விளையாட்டை எடு துவாரகன். இந்த முறை கிரிக்கெட் ஓடவில்லை, தெளிவாகச் சொல்கிறேன். காசுக்குப் பதிலாக ஒரு மாதம் பால் வாங்க நீதான் கீழே போகிறாய்.

துவாரகன்: லிஃப்ட் எப்போது சரியாகும்?

பெரியப்பா: அதைக் கேட்காதே.