மறு: ஆயில் சீல் – 'எண்ணெய் முத்திரை' வேண்டாம்

> ஆயில் சீல் = எண்ணெய் முத்திரை. இதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. முத்திரை என்றால் அரக்கு உருக்கிக் குத்துவது, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எஞ்சினில் தண்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற வளையம்தான் ஆயில் சீல். நம் சொற்பட்டியலுக்கு, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

தக்கலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய மாருதி 800-இலிருந்து கழற்றிய சீலைப் பார்த்தேன். வெளியே தகட்டு வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டின் முதுகில் மெல்லிய சுருள்வில். சுற்றுகிற தண்டை உதடு விடாமல் கவ்வியிருக்கத்தான் அந்த வில். சூட்டில் உதடு கட்டிப்போய், நகத்தால் அமுக்கினால் குழியவே இல்லை. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் தண்டிலும் உதடு உரசிய இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம். அதை அப்படியே விட்டுப் புதுச் சீல் மட்டும் போட்டால் மறுபடி ஒழுகும், தண்டுக்கு மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்ற வேண்டும், அல்லது இடமிருந்தால் சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க வேண்டும். வில் இருக்கிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கணும், உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் சமமாக இறக்கணும். ப்ரீதர் (எஞ்சின் உள்ளே சேர்கிற காற்றை வெளியே விடும் வழி) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலும் கசியும். முன்பக்கக் கசிவு, வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து ஓட்டுகிற டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட்டும் போச்சு.

'ரப்பர் வளையம்' என்ற யோசனையும் சரிவராது. குலசேகரம் பக்கம் தோட்டத்தில் வெட்டுகிற ரப்பர் எஞ்சின் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். சீலுக்கு எண்ணெய் தாங்குகிற செயற்கை ரப்பர்தான்: நைட்ரில், சூடு அதிகமுள்ள இடத்தில் வைட்டான். 'எண்ணெய்க் காப்பு' கேட்க அழகு, ஆனால் அது கோயிலில் சாமிக்குச் சாத்துவது.

என் முன்மொழிவு: தண்டுக்காப்பு. காப்பு என்றால் வளையலும்தான், காவலும்தான். கை வளையைப் போட்டிருப்பதுபோல் தண்டு இதைப் போட்டிருக்கிறது. அசையாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைக்கிற கேஸ்கட்டோடு குழம்பாது. முன் தண்டுக்காப்பு, பின் தண்டுக்காப்பு, வால்வுத் தண்டுக்காப்பு என்று வரிசையாக ஓடும். எண்ணெய் என்ற சொல் விட்டுப்போகிறதே என்றால், பல சீல்களில் வெளித்தூசியைத் தடுக்க இரண்டாவது உதடும் உண்டு, வேலை எண்ணெயோடு முடியவில்லை. உதட்டை 'இதழ்' ஆக்கவேண்டாம், உதடே இருக்கட்டும்.

சீலின் முகத்தில் 35-50-8 என்றிருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மில்லிமீட்டரில். விளக்கத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே 'ஆயில் சீல்' என்றும் எழுதுங்கள், ஸ்பேர்ஸ் கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.