கலைச்சொல் உதவி: தின்னர், ரெடியூசர், கன் வாஷ் எல்லாமே ‘கரைப்பான்’தானா?

அனுப்பியவர்: கோவைப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிற்பயிற்சிக்கான கையேட்டைத் தமிழில் கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் மூன்று வேலைகளுக்கு மூன்று திரவங்கள் வருகின்றன. தகட்டில் ஒட்டியிருக்கும் மெழுகையும் கிரீஸையும் துடைத்தெடுக்க ஒன்று. பெயிண்டை ஸ்பிரே கன்னுக்கு ஏற்ற பதத்துக்கு இளக்க ஒன்று; தின்னர் என்றும் ரெடியூசர் என்றும் சொல்வது இதைத்தான். வேலை முடிந்ததும் கன்னைக் கழுவ ஒன்று, அதாவது கன் வாஷ். முதல் வரைவு செய்தவர் மூன்றையும் ‘கரைப்பான்’ என்று எழுதி, ரெடியூசர் வரும் இடத்தில் மட்டும் ‘ஒடுக்கி’ என்று போட்டிருக்கிறார். இதைப் படிக்கும் பையன் எந்த டின்னைத் திறப்பான்? தயவுசெய்து சொல் தாருங்கள்.

அனுப்பியவர்: சென்னை வேதியியல் ஆசிரியை

ஐயா, ‘ஒடுக்கி’யை முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் பாடத்தில் ஒடுக்கி என்றால் எலக்ட்ரானை வழங்கும் பொருள். பெயிண்ட் கடை ரெடியூசர் குறைப்பது பாகுநிலையை, அதாவது பெயிண்டின் தடிப்பை மட்டும்தான். ‘கரைப்பான்’ சரியான சொல், ஆனால் அது குடும்பப் பெயர். அசிட்டோன், டொலுவீன், பியூட்டைல் அசிட்டேட், மினரல் டர்பன்டைன் எல்லாம் அதற்குள் அடங்கும். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். டொலுவீனுக்கு 111 வேண்டும். குணத்தில் இவ்வளவு தூரம் இருப்பவற்றை ஒரே சொல்லால் ஒரு மாணவனிடம் நீட்டக் கூடாது.

அனுப்பியவர்: திருச்சித் தமிழாசிரியர்

இளக்குவதற்கு ‘மெலிப்பான்’ என்று முன்மொழிகிறேன். மெலிதல் தன்வினை, மெலித்தல் பிறவினை. தொல்காப்பிய எச்சவியலில் ‘மெலிக்கும்வழி மெலித்தல்’ உண்டு. நன்னூலும் செய்யுள் விகாரங்களில் மெலித்தலைச் சொல்கிறது. வல்லெழுத்தை மெல்லெழுத்தாக்குவது போலவே தடித்த பெயிண்டை மெலியச் செய்கிறது இத்திரவம். கரைப்பான் என்ற சொல்லோடு அமைப்பிலும் ஒத்துப்போகும்.

அனுப்பியவர்: யாழ்ப்பாண வாசகர்

வணக்கம் ஐயா. நீங்கள் நீர்த்த அமிலம் என்பதை நாங்கள் ஐதான அமிலம் என்றுதான் படித்தோம். ‘ஐதாக்கி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. புதுச்சொல் ஆக்க முன்னர் இருக்கிற சொல்லைப் பார்ப்பது நல்லதல்லவா?

அனுப்பியவர்: திருச்சித் தமிழாசிரியர்

‘ஐது’ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ‘ஐ வியப்பாகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அந்த ஐயும் மென்மை குறிக்கும் ஐயும் ஒரே வேரா, வேறா? நுண்மையைக் கண்டு வியத்தலிலிருந்து ஒன்று மற்றொன்றாகக் கிளைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன். எப்படியும் ‘நீர்ப்பான்’ மட்டும் வேண்டாம். நீர் கலக்கலாம் என்று யாராவது எண்ணிவிடுவார்கள்.

அனுப்பியவர்: மதுரைப் பட்டறைக்காரர்

வேர் இருக்கட்டும் அண்ணா, டின்னுக்குள் இருப்பதையும் பார்ப்போம். நீர் என்று நீங்கள் பயந்தது நியாயம். டூகே என்பது இரண்டு பாகமாக வரும் பெயிண்ட்; அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தண்ணீரோடும் வினைபுரியும், ஆல்கஹாலோடும் வினைபுரியும். என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான தின்னர் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. விலை குறைவு என்று அதை டூகேயில் ஊற்றினால் ஹார்ட்னரின் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். படலம் முழுதாக இறுகாது. அன்றைக்குப் பளபளப்பு வரும், பின்னால் நகம் வைத்தால் பதியும். ஆகவே ‘மெலிப்பான்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பெயிண்டுக்கு என்று சொல்லுங்கள்.

துடைக்கிற திரவம் வேறு சாதி. பாலிஷில் இருக்கும் சிலிகானை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் அடிக்கும் கோட்டில் வட்டவட்டமாகக் குழி விழும்; அதைத்தான் மீன்கண் என்கிறோம். நனைத்த துணியால் துடைத்து, ஈரம் இருக்கும்போதே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் திரும்பப் படியும். ஆசிரியையம்மா சொன்ன 56 டிகிரி இங்கேதான் உதவும். அசிட்டோன் இரண்டாவது துணி வருவதற்குள் பறந்துவிடும்; ஆகவே துடைக்க அது ஆகாது. ஹார்ட்னர் இல்லாத பழைய பெயிண்டையும் கரைக்கும். பாலிகார்பனேட் ஹெட்லைட்டில் பட்டால் வெடிப்புக்கோடு விடும். பனியன் வேஸ்டைப் பெட்ரோலில் நனைத்துத் துடைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அதன் ஆவி பொறி பட்டால் பற்றும், அதில் பென்சீனும் உண்டு. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பெயர் கேட்டால், நாங்கள் சொல்வது தின்னர். தமிழ்நாட்டில் எந்தப் பெயிண்ட் கடையிலும் ‘மெலிப்பான் ஒரு லிட்டர்’ என்றால் கிடைக்காது.

அனுப்பியவர்: சென்னை வேதியியல் ஆசிரியை

துடைப்பதற்கு ‘பிசுக்குநீக்கி’ எப்படி? அடுப்படியிலிருந்து வந்த சொல், யாருக்கும் புரியும்.

அனுப்பியவர்: யாழ்ப்பாண வாசகர்

ஐயோ, எங்கள் பௌதிகவியலில் பாகுநிலைக்குப் பெயரே பிசுக்குமை! பிசுக்குநீக்கி என்றால் பிசுக்குமையைக் குறைக்கும் திரவம், அதாவது தின்னர் என்றே இங்கே விளங்கும். தலைகீழாகிவிடும். ‘மெழுகுநீக்கி’ என்றால் இரு கரையிலும் பொருந்தும்.

அனுப்பியவர்: சென்னை வேதியியல் ஆசிரியை

நல்ல வேளை சொன்னீர்கள். மெழுகுநீக்கியே இருக்கட்டும். இன்னொன்று: எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் என்.சி. பெயிண்டுக்கு வேகமாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால், ஆவியாதல் படலத்தைக் குளிரச் செய்து காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். அதற்கு மெதுவாக ஆவியாகும் வகை தேவை. ஆகவே எடுக்கும் சொல் வேக, நடு, மெது என்ற அடைகளைத் தாங்க வேண்டும். ‘மெது மெலிப்பான்’ நாக்கில் உருளவில்லை.

அனுப்பியவர்: திருச்சித் தமிழாசிரியர்

‘மந்த மெலிப்பான்’ என்றால் மோனை தானே வருகிறது.

அனுப்பியவர்: மதுரைப் பட்டறைக்காரர்

மந்தம் வயிற்றுக்கு வருவது அண்ணா. ‘ஸ்லோ தின்னர்’ என்று கேட்டு வாங்கும் பையனிடம் அதை ஏன் திணிக்க வேண்டும்?

அனுப்பியவர்: கோவைப் பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. நேரம் நெருங்கிவிட்டதால் இப்படி முடிக்கிறேன். துடைக்க மெழுகுநீக்கி. கழுவ ‘கன் கழுவி’; டூகே இறுகிய பிறகு எதுவும் கரைக்காது, உடனே கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கையையும் பக்கத்திலேயே சேர்க்கிறேன். இளக்குவதற்கு, பெரும்பான்மைப்படி முதல் இடத்தில் ‘மெலிப்பான் என்னும் தின்னர்’, அப்புறம் டூகே தின்னர், என்.சி. தின்னர், மெதுத் தின்னர். கரைப்பான் வேதியியல் விளக்கத்தில் மட்டும்.

அனுப்பியவர்: யாழ்ப்பாண வாசகர்

மெழுகுநீக்கிக்கு உடன்படுகிறேன். மற்றதற்கு என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். தின்னர் என்று அச்சிடுவதென்றால் மெலிப்பான் எதற்கு? தமிழ்ச்சொல் வேண்டும் என்றால் ஏற்கெனவே வகுப்பறையில் புழங்கும் ஐதாக்கியை விட்டது ஏன்? அடுத்த பதிப்புக்கு முன் திரும்பவும் கேட்பேன்.