சொல் தேவை, வெள்ளிக்குள்: எழுத்தையே படமாக்குவதற்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் எடுக்கிறேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காகப் பயிற்சிக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. 'எக்ஸ்பிரஸிவ் டைப்போகிராஃபி' என்பதை முதல் வரைவில் 'வெளிப்பாட்டு அச்சுக்கலை' என்று போட்டிருந்தோம். அதைப் படித்த ஒரு பையன், "எந்த அச்சகத்துக்கு மேடம் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டான்.

பயிற்சி இதுதான். ஒரு சொல் கொடுப்பேன். அதன் பொருள் அந்த எழுத்துகளின் உடம்பிலேயே தெரிய வேண்டும். வெளியிலிருந்து ஒரு கோடுகூடச் சேர்க்கக் கூடாது. போன வாரம் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி 'கிணறு' எழுதினாள். 'கிண' தாளின் உச்சியில், பொடி எழுத்தில். 'று'வின் காலை மட்டும் கீழே இழுத்து இழுத்து, தாளின் அடிவரை கொண்டுபோய் அங்கே சுழித்திருந்தாள். சுற்றிலும் வெறும் தாள். வகுப்பே எட்டிக் குனிந்து பார்த்தது.

'சொல்லோவியம்' வேண்டாம். அது உரைநடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

— கிருஷ்ணகிரி ஆசிரியை

அம்மா, வணக்கம்.

நீங்கள் தேடுவது புதுப்பொருளே அல்ல. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்கு வருகிறவர்கள் இரதியையும் காமனையும் அகலிகையையும் பூனையாய் ஓடும் இந்திரனையும் சுட்டிக்காட்டிப் பேசிக்கொள்கிறார்களே, அந்த இடத்துக்குப் புலவர் சொல்லும் பெயர் 'எழுத்துநிலை மண்டபம்'. அங்கே எழுத்து என்றால் ஓவியம். நம் ஊருக்கே வருவோம். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள்: வீரனின் உருவமும் வட்டெழுத்தும் ஒரே கல்லில், ஒரே உளியில். அகநானூறு இதைத்தான் "பெயரும் பீடும் எழுதி" என்கிறது. பெயரை எழுதலாம், பீட்டை, அதாவது பெருமையை, எப்படி எழுதுவது? வரைந்துதானே காட்ட முடியும்? இரண்டுக்கும் ஒரே வினைதான் ஆளப்பட்டிருக்கிறது.

எழு என்பதே வேர். எழுத்து, எழில், எழுச்சி, எழினி எல்லாம் ஒரு குடும்பம் என்பது என் துணிபு. தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியின் பெயரையும் இதில் சேர்ப்பேன். எழினி பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

என் பரிந்துரை: மெய்ப்பாட்டெழுத்து. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியர் எட்டைக் கொடுத்திருக்கிறார். எட்டும் எட்டுப் பயிற்சி. உள்ளத்தில் பட்டது மெய்யில் தெரிவது மெய்ப்பாடு. 'எழுத்துகளின் உடம்பிலேயே' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

— தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா சொன்னது அழகு. ஆனால் 'கிணறு' எந்த மெய்ப்பாடு? அது ஆழம். ஆழம் உணர்ச்சி அல்லவே.

எழுத்துகளைப் படத்துக்குள் அடுக்கிப் பாடும் சித்திரகவியை யாராவது கொண்டுவருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நாகபந்தத்தில் பாம்புகள் பின்னும் இடத்தில் ஓர் எழுத்து இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும்; தேர்வடிவிலும் கட்டத்துக்கு ஓர் எழுத்து. படத்துக்குள் எழுத்து உட்காருகிறதே தவிர, எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. 1918இல் வந்த பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் படக்கவிதைகளும் ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் 1965இல் செய்த 'மதர் அண்ட் சைல்டு' வேறு வகை: 'மதர்' என்ற சொல்லின் ஓ வட்டத்துக்குள் 'சைல்டு' கருப்பையில் பிள்ளைபோலக் கிடக்கும். மாணவி செய்தது இந்த இனம்.

'எழுத்துரு' என்று தொடங்கும் எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள். கணினியில் அது ஃபாண்ட். 'பட எழுத்து' என்றால் பழைய எகிப்தியருடையது. என் வாக்கு 'எழுத்துப்படம்'.

— ஓசூர், எழுத்துரு வடிவமைப்பாளர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் போர்டு எழுதுகிறவன். பிளெக்ஸ் வந்த பிறகும் சுவர் எழுத்து விடவில்லை.

நாங்கள் ஐஸ் கடை போர்டில் எழுத்துத் தலையில் பனி வைப்போம். பேய்ப் படம் என்றால் எழுத்திலிருந்து ரத்தம் சொட்டும். மாங்காய் மண்டிக்கு 'ம'வின் வயிற்றை உப்ப வைப்போம். பனியும் ரத்தமும் மேலே போட்ட நகை என்று டீச்சர் கழித்துவிடுவார்கள், சரிதான். 'ம' மட்டும் தேறும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இதை "எழுத்து பாவனை பண்ணணும்" என்பார். 'பாவனை எழுத்து' என்று வையுங்கள், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மெய்ப்பாட்டெழுத்து என்றால் ஸ்பெல்லிங்கிலேயே நின்றுவிடுவார்கள்.

— பாலக்கோடு

பாவனை வடசொல். தமிழில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு? மாணவர்களுக்குத் தெரியாது என்றால் சொல்லிக்கொடுப்பதுதானே வகுப்பு? பாடு, பாட்டு என்று ஒற்று இரட்டுவதைப் பத்தாம் வகுப்பு முடித்தவர் அறியாமல் இருக்க முடியாது.

— தருமபுரி

ஐயா, அவர்களுக்கு விதி தெரியும். வாயில் வரவில்லை. மூன்று பேரைச் சொல்லச் சொல்லிப் பார்த்தேன்.

— கிருஷ்ணகிரி

ஒரு சிறு விலகல். தேன்கனிக்கோட்டைக் காட்டு யானைகளை வைத்து 'யானை' என்று பயிற்சி கொடுத்தால், பழைய னையை எடுத்துக்கொள்ளலாமே? அதன் தும்பிக்கை எழுத்திலேயே இருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணையோடு அதை இழந்துவிட்டோம்.

— அரூர்

இழக்கவில்லை, இறக்கி வைத்தோம். இப்போதைய வடிவங்கள் 1935இல் பெரியார் தம் ஏட்டில் ஆளத் தொடங்கியவை. பதின்மூன்று எழுத்துகளைச் சீராக்கியதால்தான் அச்சுக் கோப்பவர் பாடு குறைந்தது. பாடநூலில் அந்தத் தும்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவதை ஏற்க மாட்டேன்.

— ஓசூர்

எழுதச் சொல்லவில்லை, வரையத்தானே சொல்கிறேன்!

— அரூர்

யானையைத் தனி இழையில் பேசுவோம், தயவுசெய்து. இன்று வியாழன்.

இதுவரை வந்தவை: எழுத்தோவியம் (தனிமடல்களில் ஐந்து பேர்), மெய்ப்பாட்டெழுத்து இரண்டு, எழுத்துப்படம் இரண்டு, பாவனை எழுத்து ஒன்று. பாவனையை வகுப்பில் வாய்வழியாகச் சொல்லப் போகிறேன். பாலக்கோடு அண்ணன் சொன்ன 'ம'வையும் கரும்பலகையில் போடுவேன். மெய்ப்பாடு எட்டும் இரண்டாம் பயிற்சியாக உள்ளே வருகிறது. அத்தியாயத் தலைப்பு 'எழுத்தோவியம்'. முழு மனது இல்லை. ஆனாலும் பதினெட்டு வயதுப் பிள்ளை தலைப்பைப் பார்த்ததும் பென்சிலை எடுக்கும்.

— கிருஷ்ணகிரி

அம்மா, அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் பதிவுக்காக: எழுத்து என்றாலே ஓவியம் என்று பரிபாடலைக் காட்டிவிட்டேன். அதன்மேல் ஓவியத்தை ஒட்டினால் அது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான கூறியது கூறல். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

அந்தக் 'கிணறு' தாளைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? 'று'வின் சுழி இடப்பக்கம் திரும்புகிறதா, வலப்பக்கமா என்று பார்க்க வேண்டும்.

— தருமபுரி