புதுப்பிப்பு: அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷனும் டிரானெக்ஸாமிக் ஊசியும்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றும்போது ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் போடுவார்களாம், அதனால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளாதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏற்பாடு செய்து வைத்திருந்த ரத்தம் தேவைப்படவே இல்லை.

மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டுவிட்டேன். இது ரத்தத்தைப் புதிதாக உறைய வைக்காதாம். உறைந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை பிளாஸ்மின் என்ற நொதி கரைத்துவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். தோலைக் கீறுவதற்கு முன்பே 1 கிராம், ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார்கள். "வேகமா போட்டா பிரஷர் இறங்கிடும்மா" என்றார்.

அப்புறம் படித்துப் பார்த்தேன். 1962-இல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் கண்டறிந்த மருந்து. மாதவிடாயில் அதிகம் போனால் கொடுக்கும் மாத்திரையும் இதுதான். 2022-இல் வந்த பாய்ஸ்-3 ஆய்வில், இதயம் அல்லாத ஆபரேஷன் செய்துகொண்ட 9,535 பேரில், கடுமையான ரத்தப்போக்கு மருந்து போடாதவர்களில் 11.7 சதவீதம், போட்டவர்களில் 9.1. இதயத் தசைப் பாதிப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு எல்லாம் சேர்த்து போடாதவர்களில் 13.9, போட்டவர்களில் 14.2. வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் ஆபத்து அதிகரிக்காது என்று அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் வலிப்பு, பழைய ரத்தக்கட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) என்று அவ்வளவு துருவினார்கள் போல.

இப்போது ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை தனியாகப் போகிறது. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார், பிசியோதெரபிஸ்டைத் திட்டிக்கொண்டே.